கல்லான மரமும் உதிர்ந்த எலும்பும்

நம் கடலூர்ப் பக்கத்துச் செந்நிறப் பாறையை நிலநூலார் 'கடலூர் மணற்கல்' என்பர். திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்கள் அப்பாறையைச் சார்ந்தவை. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. அம்மரங்கள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே நம் நாட்டில் வாழ்ந்து மறைந்தன டைனசோர் என்னும் விலங்கினங்கள்.

சிதம்பரத்திற்கு மேற்கே, அரியலூரை அடுத்த கல்லமேட்டில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட அத்தகைய விலங்கொன்றின் எலும்புகள் சில அகப்பட்டன. யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலநூல் அறிஞர் இருவர் 1987-இல் அதனை விவரித்து, 'பிருஹத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். 'பேருடற் பல்லி' என்பது அதன் பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மாத்திரமே சுமார் 2 மீட்டர் நீளமுடையது. நம்முள் நெடியோனும் அதன் அருகே குறியனாவான்! முதலில் ஊனுண்ணி என்று கருதப்பெற்ற அவ்விலங்கு, நீண்ட கழுத்துடைய தழையுண்ணியே என்பது 1995-இல் செய்த மறு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

அந்தோ! நொய்ந்திருந்த அவ்வெலும்புகள் வெளியே எடுத்தபின் நிலைபெறாது உதிர்ந்தொழிந்தன. கண்டு தெளிதற்குப் பொருள் இன்மையால், 'அஃது எலும்பன்று, கல்மரமே' என்று ஐயுற்றாரும் உளர். அதுகாறும் வெளிவராதிருந்த பழைய நிழற்படங்கள் 2022-இல் வெளியான பின்னரே அவ்வையம் பெரிதும் தணிந்தது. ஆயினும், எலும்பை அளந்தும் அறுத்தும் அறியத்தக்கவற்றை நிழற்படத்தால் அறிதல் கூடுமோ?

இதற்கு மறுதலையானது கோதாவரிப் படுகையிற் கிடைத்த 'பராபாசாரஸ்'. 'பெருங்கால் பல்லி' எனப் பொருள்படும் இஃது, உலகின் பழமையான பெருந் தழையுண்ணிகளுள் ஒன்று. கல்லமேட்டு விலங்கினும் 10 கோடி ஆண்டிற்கு மேல் மூத்தது. ஆறு விலங்குகளுக்குக் குறையாதவற்றின் 300 எலும்புகள் வரை, பெரிய மரத்துண்டுகளுடன் கலந்து கிடைத்தன. தலையோடு அகப்படவில்லை, எனினும், கரண்டி போன்ற பற்களே அதன் உணவு தழையென்று காட்டின. 1975-இல், கவி தாகூரின் நினைவாக அதற்கு 'பராபாசாரஸ் தாகோரை' என முழுப்பெயர் இடப்பெற்றது. 14 மீட்டர் அளவான அதன் எலும்புருவைக் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் இன்றும் காணலாம்.

ஒன்று பேணப்பட்டது, மற்றொன்று மறைந்தது. ஆதலின், மாணவ நண்பர்களே, மழை அரித்த ஓடைக்கரையில் எலும்பு போன்ற கல்லொன்று தோன்றின், அதனைப் பெயர்த்தெடுக்க முற்படாதீர். இடத்தைக் குறித்துப் படம் பிடித்து, வல்லார்க்கு அறிவியுங்கள். கோடி ஆண்டு மண் காத்த பொருளை ஒரு நாளில் நாம் இழத்தல் தகுமோ?