மூத்த கலமும் இளைய கலமும்

ஒரு தாய் வயிற்றிற் பிறந்தாரிலே மூத்தவன் ஒரு போக்கு, இளையவன் ஒரு போக்கு. வீடுதோறும் நாம் காணும் இவ்வழக்கம் மூளைக்குள்ளும் உண்டென்றால் வாசகர் நகைக்கக்கூடும்.

உடலின் கலங்கள் எல்லாவற்றிலும் ஒரே பரம்பரை அலகுகளே உள்ளனவெனின், மூளையில் இத்தனை வகை நரம்புக் கலங்கள் எவ்வாறு உண்டாயின என்று அண்மையில் எம் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள. இவை யாவும் ஒரு வார்ப்பின அல்ல.

விடையின் பெரும்பகுதியைத் தந்தது, கனிந்த மாம்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈயே. அதன் முளையத்தில் நரம்புக் குருத்துக் கலங்கள் உள்ளன. இவை தாய்க் கலங்கள். ஒவ்வொன்றும் பிரியுந்தோறும் தான் அழியாது நின்று ஒரு சிறு கலத்தை ஈனும். அச்சிறு கலத்திலிருந்தே நரம்புக் கலங்கள் தோன்றும். 2001ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒரு வியப்பை வெளியிட்டனர். தாய்க் கலத்துள்ளே ஹஞ்ச்பாக், குருப்பெல், பி.டி.எம்., காஸ்டர் என்னும் நான்கு புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. (முதலிரண்டு பெயர்களுக்கும் கூனன், முடவன் என்பது பொருள். விஞ்ஞானிகளின் பெயர்சூட்டு விழா அப்படி!) எப்புரதம் ஆட்சி செய்கையில் பிள்ளை பிறக்கிறதோ, அதன் முத்திரை பிள்ளைமேல் விழும். ஹஞ்ச்பாக் மறையாதபடி செய்தால் மூத்த பிள்ளையே மீண்டும் மீண்டும் பிறக்கும். ஆனால், பிரிவுகள் பல கழிந்தபின் அதனை மீட்டுக் கொடுத்தாலும் தாய்க் கலம் இணங்குவதில்லை. பருவம் போய்விட்டது.

பாலூட்டிகளிலும் வரிசையுண்டு. மூளையின் மேற்பட்டையில் ஆறு படைகள். முதலிற் பிறந்த கலங்கள் ஆழத்திலே தங்க, பின் பிறந்தவை அவற்றைக் கடந்து மேலேறுகின்றன என்பதைச் சுண்டெலியில் அஞ்செவினும் சிட்மனும் 1961இல் காட்டினர்.

இவ்வொழுங்கு குலைந்தால் நேர்வதென்ன? 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் கருவிலிருந்த குழந்தைகளை மருத்துவர்கள் நெடுங்காலம் கவனித்து வந்தனர். கருத்தரித்து 8 முதல் 15 கிழமைகளுக்குள் கதிர்வீச்சுக்குள்ளானோரிடையே கடும் மூளை வளர்ச்சிக்குறை மிகுந்திருந்தது. 8 கிழமைக்கு முன் உட்பட்டோரிடம் அம்மிகுதி தென்படவில்லை. மேற்பட்டைக்குரிய நரம்புக் கலங்கள் பெருவாரியாகப் பிறந்து இடம்பெயரும் கிழமைகள் அவையே. குண்டு ஒன்றே, கருவின் வயதே வேறுபாடு செய்தது. 2015இல் பிரேசிலைக் கலக்கிய சீக்கா வைரசும் இத்தாய்க் கலங்களையே தாக்கிற்று. தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தன.

போன பருவம் மீளவே மீளாதா? பெரெட் என்னும் கீரியையொத்த விலங்கில், முதிர்ந்த மூளையின் தாய்க் கலங்களை 1996இல் இளமூளைக்கு மாற்றினர். அவை பின் பிறக்கவேண்டிய பிள்ளைகளையே ஈன்றன. எனவே மீளாது என்றே பலகாலம் எண்ணினர். 2019இல் சுண்டெலியில் நடந்த ஆய்வு வேறு கதை சொல்லிற்று. ஒருவகைத் தாய்க் கலம் இளமூளையை அடைந்ததும் பழைய பருவத்துக்குத் திரும்பி, மூத்த பிள்ளைகளை ஈன்றது. அதன்பின் வரும் இடைநிலைத் தாய்க் கலமோ திரும்பவில்லை. மாணவனிடம் இதனைக் கூறியபோது, அவ்விளமூளை அக்கலத்துக்கு என்ன சொல்லிற்று என்று உடனே கேட்டான்.