நிலைமாற்றுச் சொடுக்கி (வெற்றிடக் குழல் மிகைப்பி)

நிலைமாற்றுச் சொடுக்கி என்பது வெற்றிடக் குழல் ஒலி மிகைப்பி ஒன்றை மும்முனைய (டிரையோடு) முறைக்கும் மிகைநேரியல் (அல்ட்ரா லீனியர்) முறைக்கும் இடையே மாற்றப் பயன்படும் சொடுக்கி ஆகும். இஎல்34 போன்ற ஐம்முனைய வெளியீட்டுக் குழல்களைக் கொண்ட மிகைப்பிகளில் இது அமைக்கப்படுகிறது.

செயற்பாடு

குழலின் திரைவலை எதனுடன் இணைக்கப்படுகிறது என்பதே முறையைத் தீர்மானிக்கிறது. திரைவலையை ஏறத்தாழ 100 ஓம் தடையம் ஒன்றின் வழியாக நேர்மின்வாயுடன் இணைத்தால் குழல் மும்முனையமாக இயங்கும். வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருளில், பெரும்பாலும் 40 விழுக்காட்டுச் சுற்றுக்களை ஒட்டி அமையும் இடைமுனையுடன் இணைத்தால் அது மிகைநேரியல் முறை. பின்னதை 1951 இல் டேவிட் ஆஃப்லர், எர்பர்ட் கெரோசு ஆகியோர் பரவலாக அறியச் செய்தனர்.

மும்முனைய முறையில் வெளியீட்டு மின்மறுப்பு குறைகிறது. பெறக்கூடிய திறனும் ஏறத்தாழ பாதியாகிறது. இரு முறைகளையும் ஒப்பிடுகையில் ஒலியளவைச் சமப்படுத்துதல் வேண்டும். இல்லையெனில் உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும்.

பாதுகாப்பு

தள்ளு-இழு வகை மிகைப்பியில் மின்வழங்கல் 400 வோல்ட் எனில், நேர்மின்வாயின் மின்னழுத்தம் உச்சத்தில் 800 வோல்ட்டை நெருங்கும். ஆதலால் வீடுகளில் பயன்படும் 250 வோல்ட் சொடுக்கி இதற்குப் பொருந்தாது.

மிகைப்பி இயங்கும்போது சொடுக்கியைத் திருப்பினால் திரைவலை கணநேரம் இணைப்பற்றுப் போகும். குழலின் மின்னோட்டம் திடீரெனக் குறைவதால் மின்மாற்றியில் உயரழுத்தம் தூண்டப்பட்டு அதன் மின்காப்பு பழுதடையலாம். எனவே மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே முறையை மாற்றுதல் வேண்டும்.

சொடுக்கியைப் பொருத்துவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பின்பும் வடிகட்டு மின்தேக்கிகளில் உயிராபத்தை விளைவிக்கக்கூடிய மின்னூட்டம் தங்கியிருக்கும். அதனைத் தடையம் வழியாக வெளியேற்றி, மின்னழுத்தமானியால் அளந்து உறுதி செய்த பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும்.