ஒரு செயல், பல குற்றங்கள்: தண்டனையின் கணக்கு

‘ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவ தண்டனையா?’ என்று கேட்பவருக்கு அரசியல் சட்டப் பிரிவு 20(2) துணை நிற்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அது பேசுவது ‘குற்றத்தை’, ‘செயலை’ அல்ல. இவ்விரு சொற்களுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் அதிகாரம் இயங்குகிறது.

ஜெயமங்கலத்தில் தண்ணீருக்காக ஒரு மறியல் என்று வைத்துக்கொள்வோம். நடந்தது ஒன்றுதான். காகிதத்தில் அது சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு, அரசு ஊழியரைத் தடுத்தல், 1992ஆம் வருடப் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் என்று நான்காகிறது. ஒவ்வொன்றின் கூறுகளும் வேறு என்பதால் ‘ஒரே குற்றம்’ ஆகாது. தவிரவும், முன்பே வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்திருந்தால்தான் 20(2) வாய் திறக்கும். சுங்க இலாகாவின் பறிமுதல் (மக்பூல் ஹுசைன், 1953), துறை விசாரணை (வெங்கட்ராமன், 1954) இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேராதென்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம் அப்பீலில் பிடிக்க என்னதான் இருக்கிறது?

ஒன்று, இ.பி.கோ. 71 (இன்று பாரதிய நியாய சன்ஹிதா 9). பகுதிகளாலான குற்றத்தில் பகுதிக்கொரு தண்டனை கூடாது. சட்டமே உதாரணம் தருகிறது: ஐம்பது அடி அடித்தவனுக்கு அடிக்கொரு வருடமாக ஐம்பது வருடம் போட முடியாது, மொத்த அடிக்கும் ஒரு தண்டனைதான்.

இரண்டு, தண்டனைகள் ஏககாலத்திலா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது. பழைய நடைமுறைச் சட்டத்தில் நீதிபதி எதுவும் சொல்லாவிட்டால் அடுத்தடுத்துத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 25, குற்றத்தின் கடுமையைப் பார்த்து இதை முடிவுசெய்யச் சொல்கிறது. கூடவே, மொத்தத் தண்டனையின் உச்சவரம்பைப் பதினான்கிலிருந்து இருபது வருடமாக்கிவிட்டது.

மூன்று, ஆயுள் தண்டனை. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் (2016) ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொன்னது: கொலைக்கொரு ஆயுள் விதிக்கலாம், ஆனால் அவற்றை வரிசையில் நிறுத்த முடியாது. மனுசனுக்கு இருப்பது ஒரு ஆயுள். ஆனால் பத்து வருடம், ஏழு வருடம் என்ற தண்டனைகளை முதலில் கழித்துவிட்டுப் பிறகு ஆயுளைத் தொடங்கச் சொல்லலாம். இந்த வாசலை அடைக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பிறமலைக் கள்ளர்மீது ஏவப்பட்ட ரேகைச் சட்டம் முந்தைய தண்டனையையே அடுத்த தண்டனை பெருகக் காரணமாக்கியது. சென்னை மாகாணத்தில் அது 1947இல் ஒழிந்தது. அதன் தர்க்கம் ஒழியவில்லை. சொத்துக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் மறுபடி அப்படிச் சிக்கினால் ஆயுள் அல்லது பத்து வருடம்வரை என்ற இ.பி.கோ. 75, எண் மாறிப் புதிய சட்டத்திலும் 13 ஆக உட்கார்ந்திருக்கிறது. அனுபவித்து முடித்த தண்டனை திரும்ப எண்ணப்படுகிறது; இதற்குச் சட்டத்தில் ‘இரட்டைத் தண்டனை’ என்று பெயரில்லை.

ஆகவே தோழர்கள் மதுரைக் கிளைக்கு அப்பீல் கொண்டுபோகுமுன் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படிக்கவேண்டும். ‘ஏககாலத்தில்’ என்ற ஒரு சொல் விடுபட்டிருந்தால், அது ஒருவருடைய சில வருடங்கள்.