நூலடுக்கும் மின்திரையும்

நுழையும்முன்

நூலகத்திற்குச் செல்லும் நாம் நூலை எடுக்கிறோம்; பதிவேட்டில் கையொப்பமிடுகிறோம்; திரும்பி விடுகிறோம். அந்நூலை நம் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நூலகப் பணியாளர் நூல்களைக் காப்பவர் மட்டுமல்லர். தாமும் ஒரு வாசகர். நூலடுக்கின் நடுவே அவர் கற்ற வாசிப்பு நெறிகள், மின்திரையின் முன் அமர்ந்திருக்கும் இன்றைய தலைமுறைக்கு எவ்வாறு உதவும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நூல்களிடையே ஒரு வாசகர்

நூலகப் பணியாளரின் வாசிப்பு, பிறர் வாசிப்பிலிருந்து சற்றே வேறுபட்டது. நாம் விரும்பிய நூலை மட்டுமே படிக்கிறோம். அவரோ தாம் விரும்பாத துறை நூலையும் கையில் எடுத்தாக வேண்டும். புதிதாக வந்த நூலின் தலைப்புப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம், பின்னிணைப்பு ஆகியவற்றை நோக்கி, அது எத்துறையைச் சார்ந்தது என முடிவு செய்த பின்னரே அதற்குப் பகுப்பு எண் வழங்க இயலும். நீரிழிவு பற்றிய நூலொன்று மருத்துவ அடுக்கிற்கு உரியதா, சமையல் அடுக்கிற்கு உரியதா என்பதைத் தலைப்பு மட்டும் சொல்லிவிடாது. தவறான அடுக்கில் வைக்கப்பட்ட நூல், நூலகத்தில் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

இவ்வாறு நாள்தோறும் பல நூல்களின் வாயிலைத் தொட்டு வரும் பழக்கம், அவருக்கு விரிந்த பார்வையைத் தருகிறது. பணி முடிந்த பின்னர் அவற்றுள் ஒன்றைத் தமக்கென எடுத்துச் சென்று ஆழ்ந்து படிக்கும்போது, அப்பார்வை அறிவாக முதிர்கிறது. மேலோட்டமாகப் பல நூல்களை அறிதலும், ஒன்றை ஊன்றிக் கற்றலும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. முன்னதைப் பணி கற்றுத் தருகிறது. பின்னதை வாசிப்பின் மீதுள்ள பற்று கற்றுத் தருகிறது.

கணிதத்திலிருந்து நூலகத்திற்கு

இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவர், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த இவர், கணிதப் பேராசிரியராக விளங்கியவர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகிய அவருக்கு, ஆளரவமற்ற நூலகம் தொடக்கத்தில் சலிப்பையே தந்தது. மீண்டும் கற்பித்தல் பணிக்கே திரும்பிவிட விரும்பினார்.

அவ்வாண்டே பயிற்சிக்காக அவர் இங்கிலாந்து சென்றது திருப்புமுனையாக அமைந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்றதோடு, அந்நாட்டின் பல நூலகங்களையும் நேரில் கண்டார். தொழிலாளரும் குழந்தைகளும் பெண்களும் நூலகத்தைத் தமதாகக் கருதிப் பயன்படுத்துவதை அங்கே உணர்ந்தார். நூலகம் நூல்களை அடைத்துவைக்கும் அறை என்னும் எண்ணம் அவருள் மாறியது. 1925ஆம் ஆண்டு தாயகம் திரும்பியவர், தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை நூலகத் துறைக்கே அளித்தார். 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் உருவாவதற்கும் அவருடைய உழைப்பு அடித்தளமாக அமைந்தது.

ஐந்து விதிகளும் இணையமும்

அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்தளித்தார். நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் அமைய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது.

கணினி அறியாத காலத்தில் எழுந்த இவ்விதிகளை இணையத்தோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையது. நான்காம் விதியை எடுத்துக்கொள்வோம். நூலகத்தில் ஒரு மாணவர் சோழர் காலப் பாசன முறை பற்றிக் கேட்டால், பணியாளர் அதற்குரிய இரண்டு மூன்று நூல்களை எடுத்துத் தருகிறார். மாணவரின் நேரம் சேமிக்கப்படுகிறது. இணையத்திலும் நொடிப்பொழுதில் விடை வருகிறது. ஆயினும் அவ்விடையோடு தொடர்பற்ற காணொலிகளும் விளம்பரங்களும் சேர்ந்தே வருகின்றன. பாசனத்தைத் தேடித் திரையைத் திறந்தவர், ஒரு மணிநேரம் கழித்து வேறேதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பல தளங்கள் நாம் அங்கே தங்கும் நேரத்தைக் கொண்டே வருவாய் ஈட்டுகின்றன. நூலகம் நம்மை விரைந்து அனுப்ப முயல்கிறது. அத்தளங்கள் நம்மை நிறுத்திவைக்க முயல்கின்றன. இவ்வேறுபாட்டை அறிந்த வாசகர், திரையின் முன் அமரும்போதே தாம் தேடுவது எது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வார். அது கிடைத்ததும் எழுந்துவிடுவார்.

தெரியுமா?

அரங்கநாதன் இலண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையாக இணைத்து வெவ்வேறு பொம்மைகளை உருவாக்க முடிந்தது. நூற்பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என்னும் சிந்தனை அவருக்குத் தோன்றியது. அச்சிந்தனையே 1933ஆம் ஆண்டு கோலன் பகுப்பு முறையாக நூல்வடிவம் பெற்றது. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு எனக் கூறுகளைத் தேர்ந்து நாம் பொருளைத் தேடும் முறையும் இச்சிந்தனையோடு உறவுடையதே.

பிறர் அறியா வாசிப்பு

நூலகப் பணியாளருக்கு ஒவ்வோர் உறுப்பினரும் எந்நூலை இரவல் பெற்றார் என்பது தெரியும். ஒருவர் தம் நோயைப் பற்றிய நூலைப் பெற்றிருக்கலாம். மற்றொருவர் வேலையை விட்டு விலகுவதற்கான சட்ட விவரங்களைத் தேடியிருக்கலாம். அதைப் பிறரிடம் சொல்லாதிருத்தல் அவர்தம் தொழில் அறமாகும். 1939ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நூலகச் சங்கம் இவ்வறத்தைத் தன் நெறிமுறைகளுள் ஒன்றாக ஏற்றது. தம்மைப் பிறர் கவனிக்கின்றனர் என்னும் அச்சமுள்ள இடத்தில், மனிதர் தாம் அறிய விரும்புவதைத் தேடத் தயங்குவர் என்பதே இதன் அடிப்படை.

மின்திரையில் இந்நிலை மாறுகிறது. நாம் எதைத் தேடினோம், எப்பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம், எதைப் பாதியில் விட்டோம் என்பனவெல்லாம் பதிவாகக்கூடும். அப்பதிவுகளின் அடிப்படையில் அடுத்து நாம் காண வேண்டியவற்றைக் கணினி நிரல் பரிந்துரைக்கிறது. நூலகப் பணியாளரும் பரிந்துரை செய்பவரே. ஆனால், அவர் நம் முகம் பார்த்துப் பேசுகிறார். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார். நாம் இதுவரை படிக்காத துறையையும் அறிமுகம் செய்கிறார். நிரலோ பெரும்பாலும் நாம் முன்பு விரும்பியதை ஒத்தவற்றையே மீண்டும் மீண்டும் காட்டுகிறது. ஒரே அடுக்கின் முன் ஆண்டுக்கணக்கில் நிற்கும் வாசகரின் நிலையே நமக்கும் நேர்கிறது. எனவே, நாமே முயன்று அடுத்த அடுக்கிற்கு நகர வேண்டும்.

அழியும் எழுத்தும் காக்கும் கையும்

மின்னெழுத்து அழியாதது என்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. ஓலைச்சுவடிகள் சில நூற்றாண்டுகள் நிலைத்தன. இணையப் பக்கங்கள் பல, சில ஆண்டுகளிலேயே மறைந்தன. 1994ஆம் ஆண்டு தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் தம் விருப்பங்களையும் நினைவுகளையும் எழுதி வைத்திருந்தனர். 2009ஆம் ஆண்டு அத்தளம் மூடப்பட்டது. இணைய ஆவணக் காப்பகம் போன்ற அமைப்புகளும் தன்னார்வலர்களும் படியெடுத்த பகுதிகளே எஞ்சின.

தமிழுக்கு மற்றுமோர் இடர் இருந்தது. ஒருங்குறி பரவலாகும் முன்னர், எழுத்துருக்கள் பல தமக்கெனத் தனிக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், உரிய எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. கோப்பு இருந்தது, படிக்க வழியில்லை. ஏட்டைச் செல்லரித்ததற்கும் இதற்கும் வாசகரைப் பொறுத்தவரை வேறுபாடில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். பின்னர் அவற்றை ஒருங்குறிக்கும் மாற்றினர். ஒரு முறை பதிவு செய்தால் பணி முடிந்துவிடாது, காலத்திற்கேற்ப மாற்றிப் பேணவும் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும். நூலகம் வளரும் உயிரி என்னும் ஐந்தாம் விதியின் பொருளும் இதுவே.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவ்விழப்பின் நினைவு ஆறாத மண்ணைச் சார்ந்த ஆவணங்களைத் தேடித் திரட்டி மின்வடிவில் காக்கும் பணியை, 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் செய்து வருகிறது. ஒரு நூலின் படி ஓரிடத்தில் மட்டும் இருப்பது பாதுகாப்பன்று என்பதைத் தமிழர் பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

நமக்கான குறிப்பேடு

நூலகப் பணியாளரிடமிருந்து மாணவர் கற்கத்தக்க எளிய பழக்கம் ஒன்றுண்டு. நூலகத்திற்கு வரும் ஒவ்வொரு நூலுக்கும் அவர் ஒரு பதிவை உருவாக்குகிறார். அதுபோல நாமும் படித்து முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வைத்துக்கொள்ளலாம். நூலின் பெயர், ஆசிரியர், படித்த நாள், நூல் கிடைத்த இடம் ஆகியவற்றோடு, அது நம்முள் எழுப்பிய ஒரு வினாவையும் எழுதினால் போதும். இணையத்தில் படித்த கட்டுரையாயின், அதனை எழுதியவர் யார், எப்போது எழுதினார், அச்செய்தியை வேறெங்கேனும் உறுதி செய்ய இயலுமா என்பனவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதியவரும் நாளும் தெரியாத செய்தி, தலைப்புப் பக்கம் கிழிந்த நூலைப் போன்றது. நூலகப் பணியாளர் அதனை ஆராயாமல் அடுக்கில் வைக்கமாட்டார். நாமும் ஆராயாமல் மனத்தில் வைக்கலாகாது.

ஆண்டிறுதியில் அக்குறிப்பேட்டைப் புரட்டினால், நாம் எத்துறைகளில் உலவினோம், எத்துறைகளை எட்டியும் பார்க்கவில்லை என்பது தெளிவாகும். அதுவே அடுத்த ஆண்டின் வாசிப்பிற்கு வழிகாட்டும். நம்மைப் பற்றிய இப்பதிவு நம் கையில் இருக்கிறது. அதைக் காட்டுவதா, மறைப்பதா என்பதும் நம் விருப்பத்தைப் பொறுத்தது.

அடுத்த முறை நூலகம் செல்லும்போது, நூலைப் பெற்றவுடன் திரும்பிவிடாமல், அங்குள்ள பணியாளரிடம் அண்மையில் அவர் படித்த நூல் எது எனக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து நீங்கள் இதுவரை செல்லாத ஓர் அடுக்கு உங்களுக்காகத் திறக்கக்கூடும்.