சிரித்துக் கொல்லும் வியாதி

கொல்லிமலையைக் காத்து நின்றதாம் ஒரு பாவை. பார்த்தவர் மயங்கும் அழகு. கிட்டே போனால் சிரிக்குமாம். அந்தச் சிரிப்பிலே எதிரே நின்றவன் உயிர் போய்விடுமாம்! கொல்லிப்பாவையின் அழகைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். சிரித்துக் கொல்லும் கதையை மலையில் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

ஈரலில் கொழுப்புப் படிவதைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு அந்தப் பாவையின் நினைவுதான் வந்தது. இந்த வியாதி வலிப்பதில்லை; காய்வதில்லை; இருமுவதில்லை. ஆள் சிரித்த முகமாய், சற்றுத் தொப்பையும் தொந்தியுமாய், "எனக்கென்ன குறைச்சல்?" என்று நடமாடிக் கொண்டிருப்பார்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட இடம். அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி, மிளகு, பலா, அன்னாசி என்று பார்க்கவும் வாங்கவும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் மலைக்கு உல்லாசமாய்ப் புறப்படும் ஆண் பிள்ளைக் கூட்டங்களில் பல, கோயிலை மறந்தாலும் பாட்டிலை மறப்பதில்லை. மலைநாட்டுக்கு மது புதியதல்ல என்பதும் உண்மை. மூங்கில் குழாயில் தேனை ஊற வைத்துக் குறவர் குடித்ததைப் பழந்தமிழ்ப் பாட்டுக்கள் சொல்லுகின்றன. விழா நாளில் ஊரோடு கூடிக் குடித்தது அது. மாலை தவறாமல் ஒருவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து குடிப்பது வேறு சமாசாரம்.

இந்த மலை அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். சேலம் ஜில்லா என்றதும் ராஜாஜியின் ஞாபகம் வராமல் போகுமா? திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஆசிரமம் நடத்திய காலத்தில், 1929-ல், மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் அவருக்குத் துணை நின்று எழுதியவர் கல்கி. பிறகு ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியானார். ('பிரதம மந்திரி' என்றே அப்போது அழைத்தார்கள்.) 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கை முதலில் அமல் செய்தது சேலம் ஜில்லாவில்தான். 1948-க்குள் மாகாணம் முழுவதும் பரவிய அந்தச் சட்டம் 1971-ல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. சட்டத்தைப் பற்றி வாதாட இங்கே இடமில்லை. கடையிலிருந்து வீட்டுக்குள் வருவதைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடே பதறியது. ஆனால் சீல் வைத்த பாட்டிலில் வாங்கிய சரக்கினால் பத்து, பதினைந்து வருஷத்தில் சிறுகச் சிறுகச் சாகிறவருக்கு எந்தப் பத்திரிகை கொட்டை எழுத்தில் தலைப்புப் போடுகிறது? "மஞ்சக் காமாலையில் போய்விட்டார்" என்று அக்கம்பக்கத்தில் பேசிக் கொள்வதோடு சரி.

"என்ன பெரிய குடி? ஒரு குவார்ட்டர்தானே!" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்குச் சுமார் 43 பங்கு சுத்த ஆல்கஹால். நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 60 கிராம். ஈரலோ மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்க வல்லது. இரவு ஒன்பது மணிக்குக் காலியான குவார்ட்டருக்காக ஈரல் விடிய விடியக் கண் விழிக்கிறது! தயிரும் எலுமிச்சம் பழமும் கறுப்புக் காப்பியும் அந்த வேலையை ஒரு நிமிஷமாவது சுருக்கித் தருவதில்லை.

கொழுப்பு எப்படிச் சேருகிறது? வலது விலாவுக்கு அடியில் சுமார் ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் ஈரல், சாதாரண நாளில் கொழுப்பையும் எரித்துச் சக்தியாக்கும். மது வந்துவிட்டால் மற்ற வேலையையெல்லாம் போட்டுவிட்டு அந்த விஷத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எரிபடாத கொழுப்பு தேங்கும். மதுவை உடைக்கும்போது உண்டாகும் பொருள்களோ புதிதாகக் கொழுப்பு உற்பத்தியாகவும் வழி செய்கின்றன. விருந்தாளி ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து கொண்டால் சமையலறையில் பாத்திரம் மலையாய்க் குவிகிறதல்லவா? அதே கதைதான். அளவுக்கு மீறிக் குடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இது வந்துவிடுகிறது.

இந்த நிலையில் ஒரு நல்ல செய்தி உண்டு. மதுவை அடியோடு நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே அந்தக் கொழுப்புக் கரைந்து போகும். இவ்வளவு பெரிய தவறை இவ்வளவு சீக்கிரம் மன்னிக்கும் உறுப்பு உடம்பில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. நிறுத்தாவிட்டால், சிலருக்கு ஈரல் அழற்சி கண்டு காமாலை வருகிறது. சிலருக்கு ஈரல் தழும்பேறிக் கல்லாய் இறுகிவிடுகிறது. அப்புறம் மகோதரம், ரத்த வாந்தி, புத்தித் தடுமாற்றம். ஒருமுறை இறுகிய ஈரல் பழையபடி ஆவது அரிது. அப்போது நிறுத்தினாலும் ஆயுள் நீளும் என்பதையும் டாக்டர்கள் வற்புறுத்துகிறார்கள்.

மூலிகை கேட்டுக் கொல்லிமலைக்கு வருகிறவர்கள் ஏராளம். வழியெல்லாம் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஆவி பறக்க விற்கிறார்கள். மிளகு தூக்கலாய், நன்றாகத்தான் இருக்கிறது. விற்றுக் கொண்டிருந்த மூதாட்டியிடம், "பாட்டி, ஈரலுக்கும் இது நல்லதா?" என்று கேட்டேன்.

"முட்டி வலிக்கு நல்லதும்பாங்க கண்ணு. குடிச்சுக் கெட்ட ஈரலுக்கு நான் எந்தக் காட்டுல போயிக் கெழங்கு தோண்டறது?" என்றாள்.

பட்டணத்தில் பெரிய மருந்துக் கடைகளில்கூட இவ்வளவு நேர்மையான பதில் கிடைப்பது சிரமம். ஒரு பக்கம் குடி, ஒரு பக்கம் கீழாநெல்லி என்று நடத்தினால் கீழாநெல்லி தோற்றுத்தான் போகும். குடித்துவிட்டுத் தலைவலிக்குப் பாரசிட்டமால் போடுவதும் ஈரலுக்கு இரட்டைச் சுமை.

குடிக்காதவர்களுக்கும் ஈரல் கொழுக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வயிற்றை ஸ்கேன் செய்து 'ஈரலில் கொழுப்பு' என்று எழுதிக் கொடுத்ததும், மோர்கூடப் புளித்தால் குடிக்காத குடும்பத் தலைவி எத்தனை பேர் கூனிக் குறுகுகிறார்கள்! நீரிழிவு, பருமன், நாற்காலி வேலை, மிதமிஞ்சிய சர்க்கரை ஆகியவற்றாலும் இது வரும். அதனால்தான் 2023-ல் உலக ஈரல் நிபுணர் சங்கங்கள் கூடி, 'மதுவால் வராத கொழுப்பு ஈரல்' என்ற பழைய பெயரை மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றத்தோடு சேர்த்துப் புதுப் பெயர் வைத்தன. கொல்லிமலையிலேயே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி புகுந்துவிட்டது. அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. தட்டில் ரேஷன் அரிசிச் சோறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள பெண்களோடு சேர்ந்து சிறுதானியத்தை மீட்கப் பல வருஷங்களாய் உழைத்து வருகிறது. நீரிழிவும் இருந்து, மாலையில் மதுவும் என்றால் இரண்டு வியாதியும் கை கோத்துக் கொள்ளும்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். ஆணுக்குச் சமமாகக் குடித்தால் பெண்ணின் ஈரல் சீக்கிரம் கெடும். உடம்பில் நீரின் அளவு குறைவு என்பது ஒரு காரணம். விருந்துகளில் 'ஒரே ஒரு கிளாஸ்' என்று நீட்டப்படும் காலம் இது, ஆகவே சொன்னேன்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடி நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தார். வீட்டு மூலையில் ஒடுங்கிவிடாமல், 1980-ல் டி. டி. ரங்கநாதன் பெயரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழி காட்டினார். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். குடி கெட்ட புத்தியல்ல, சிகிச்சை வேண்டிய நோய் என்பதும், மனைவிக்கும் ஆலோசனை தேவை என்பதும் அந்த நிலையத்தின் முறை.

நெடுங்காலம் தினமும் குடித்தவர், "இன்றோடு விட்டேன்" என்று சபதம் செய்து திடீரென நிறுத்தினால் இரண்டொரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். உயிருக்கே ஆபத்தும் உண்டு. சாமி மேல் சத்தியம் வாங்குவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 104-க்குப் போன் செய்தாலும் ஆலோசனை கிடைக்கும். ரத்தப் பரிசோதனை சரியாயிருந்தாலும் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தத்தில் தெரியாத கொழுப்பு ஸ்கேனில் தெரிவதுண்டு. டாக்டர், "எவ்வளவு குடிப்பார்?" என்று கேட்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. அவர் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லுவார்.