கண்ணாடியுள்ள காமிராவா, இல்லாததா?

பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராவின் லென்சைக் கழற்றி உள்ளே பாருங்கள். 45 பாகைச் சாய்வில் சிறு கண்ணாடி ஒன்று தெரியும். ஒளியை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புவது இதுவே. படமெடுக்கும் கணத்தில் 'டக்'கென்று விலகிவிடும். அது அசைய இடம் வேண்டுமல்லவா? நிக்கான் நிறுவனம் 1959-இல் வகுத்த எஃப் பொருத்தில் லென்சு விளிம்புக்கும் படத்தளத்துக்கும் இடையே 46.5 மி.மீ. விட்டதன் காரணம் இதுதான். கண்ணாடியை நீக்கியதும், 2018-இல் வந்த இசட் பொருத்துக்கு 16 மி.மீ. போதுமானதாயிற்று. காமிராவும் மெலிந்தது. ஆனால் ஒளியுணரியும் திரையும் ஓயாமல் இயங்குவதால் மின்கலம் விரைவில் தீரும்.

கையில் பணம் குறைவா? பழையதையே வாங்குங்கள். லென்சு வீணாகாது, மீதி 30.5 மி.மீ.க்கு இடைவளையம் செருகிப் புதியதிலும் மாட்டலாம். தன்னுள் மோட்டார் இல்லாத லென்சாயின் குவியத்தைக் கையால் திருப்ப வேண்டிவரலாம். புதிய லென்சைப் பழையதில் மாட்டவோ வழியில்லை. கண்ணாடி குறுக்கே நிற்கிறதே!