சித்திலெவ்வை எடுத்துக்கொண்ட வேலை

லிந்துலை, அக்கரப்பத்தனைப் பக்கம் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், கொழும்பில் கடை வேலை, இல்லாவிட்டால் கட்டார் என்று பதில் வரும். எதில் ஆசை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். டவுன் கடைத்தெரு முஸ்லிம் பிள்ளைகளும் அப்படித்தான், தோட்ட லயத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆசை இல்லாமல் இல்லை. அதைக் கேட்க ஆள் இருந்ததில்லை.

உனக்குள்ளே தேடு என்கிறார்கள் மேடைப் பேச்சாளர்கள். இஸ்லாம் அங்கே தொடங்குவதில்லை. மனிதன் படைக்கப்பட்டது இறைவனை வணங்கவே என்று குர்ஆன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆகவே நோக்கத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கேற்ற வேலையைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிய்யத்து என்னும் எண்ணம் சரியாக இருந்தால் நேர்மையான வியாபாரமும் இபாதத்துதான், அதாவது வணக்கம்தான், பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் இபாதத்துதான்.

எந்த வேலை என்பதற்கும் ஒரு வழி உண்டு. ஊரில் சிலர் செய்தால் எல்லோர் கடமையும் தீரும், ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே பாவம் சுமக்கும் என்பது பர்ளு கிபாயா. ஜனாஸாத் தொழுகையை வைத்துத்தான் நாம் அதைப் படித்தோம். இமாம் கஸ்ஸாலி அதில் மருத்துவத்தையும் கணக்கையும் சேர்த்தார். வைத்தியம் பார்க்க முஸ்லிம் இல்லாத ஊர்கள் இருக்க, எல்லோரும் சட்டக் கல்விக்கே முண்டியடிக்கிறார்களே என்று ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நொந்துகொண்டார். ஊரில் எது குறைகிறதோ அங்கே உன் வேலை இருக்கிறது என்பதே இதன் பொருளாக எனக்குப் படுகிறது.

நமது மலைநாட்டிலேயே அப்படி வேலையை எடுத்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். 1838இல் கண்டியில் பிறந்த முகம்மது காசிம் சித்திலெவ்வை. வழக்கறிஞர், வசதியானவர். அந்தத் தொழிலிலேயே கௌரவமாகக் காலம் கழித்திருக்கலாம். ஆனால் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அஞ்சி, முஸ்லிம்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்த காலம் அது. அந்தப் பயத்தை அவர் ஏளனம் செய்யவில்லை. மார்க்கமும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் பயம் போகும் என்று நம்பினார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழின் முதல் நாவல்களில் ஒன்று அது. 1884இல் கொழும்பில் தொடங்கிய பள்ளி நிலைக்கவில்லை. அவர் விடவில்லை. 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பெண் படிப்பதா என்று கேட்ட ஊரில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்! 1892இல் மருதானையில் இன்றைய ஸாஹிராக் கல்லூரிக்கு அடிக்கல்லான மத்ரஸா எழுந்தபோது, கட்டட ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்காரோடு அவரும் முன்னின்றார்.

சித்திலெவ்வைக்குத் தோள்கொடுத்தவர்களில் ஒருவர் எகிப்தின் அராபி பாஷா. 1882இல் தெல் அல் கபீர் போரில் பிரித்தானியரிடம் தோற்று, மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1883இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். நாடு போனது, படை போனது, வாழ்ந்ததற்கான காரணமே போனது என்று அவர் உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்ல முடியும்? மொழி தெரியாத தீவில் முஸ்லிம் பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசினார். 1901இல்தான் அவர் எகிப்து திரும்ப முடிந்தது. உற்சாகம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்கும் நம் இளைஞருக்கு இந்த இருவரில் நான் முதலில் காட்டுவது பாஷாவைத்தான்.

தோட்டப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் பற்றாக்குறை இன்றும் உண்டு. இந்த மலையில் பர்ளு கிபாயாவைத் தேடி யாரும் தூரம் போக வேண்டியதில்லை. கஸ்ஸாலி சொன்ன அதே கணக்குத்தான். உயர்தரத்தில் கணிதம் படித்த கடைத்தெருப் பிள்ளை, பெறுபேறு வரும்வரை கிழமைக்கு இரண்டு பின்னேரம் சாதாரண தரப் பிள்ளைகளோடு உட்காரட்டும். வருகிற பிள்ளை முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று பார்க்க வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகம் ஓர் அறையைத் திறந்துகொடுத்தால் போதும். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகே பேசி முடிக்கலாம்.